50 நிமிடக் கோடு: ஜப்பானில் வீட்டுப் பராமரிப்பு யாருக்கு என்று முடிவாகும் விதம்

ஜப்பானில் ஒரு முதியவர் அரசுத் திட்டத்தில் எவ்வளவு வீட்டுப் பராமரிப்பு பெறலாம் என்பது, அவரைக் கவனிக்க ஒரு நாளில் எத்தனை நிமிட வேலை ஆகும் என்ற கணக்கை வைத்து முடிவாகிறது. 49 நிமிடம் வந்தால் ஒரு நிலை, 50 வந்தால் அடுத்த நிலை. அந்த ஒரு நிமிடத்தில், தலைப்பக்கம் உயரும் கட்டில் காப்பீட்டில் வாடகைக்குக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இவ்வளவு பெரிய முடிவை நிமிடத்தில் அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நேரத்தை அளவாகக் கொண்டது சரி என்பதே எங்கள் கருத்து. ஆனால் அந்த நேரம் எங்கே அளக்கப்பட்டது, வீட்டுக்கு வரும் மதிப்பீட்டாளர் எதை எழுதுகிறார், எழுதியதை யார் படிக்கிறார்கள் என்ற மூன்றில் ஒன்று பிசகினாலும் முடிவு தவறிவிடும்.

நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டம் 1997இல் நிறைவேறி 2000 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நகராட்சி அலுவலர்களே வருமானத்தையும் குடும்பச் சூழலையும் பார்த்து யாருக்கு உதவி என்று முடிவு செய்தார்கள். வீட்டில் மருமகள் இருந்தால் கிடைப்பது கடினம், கையில் காசிருந்தால் இன்னும் கடினம். புதிய சட்டம் இதைக் காப்பீடாக மாற்றியது. 40 வயதானவுடன் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டோரின் மாதச் சந்தா 2000இல் தேசிய சராசரியாக 2,911 யென். 2024 முதல் 2026 வரையான காலத்துக்கு 6,225 யென். செலவில் பாதி சந்தாவிலிருந்தும் பாதி வரிப்பணத்திலிருந்தும் வருகிறது. பயனாளி தன் பங்காக 10 சதவீதம் கட்டுகிறார். வருமானம் கூடியவர்களுக்கு இது 20 அல்லது 30 சதவீதம்.

சந்தா கட்டியவரிடம் "நீங்கள் ஏழையா?" என்று கேட்க முடியாது. "மகள் பக்கத்தில்தானே இருக்கிறார்?" என்றும் கேட்க முடியாது. தேவை ஒன்றை மட்டும்தான் அளக்கலாம். நாடு முழுவதும் ஒரே அளவுகோல் வேண்டியிருந்ததும் இதனால்தான்.

ஒரு விண்ணப்பத்தின் பாதை

விளக்கத்துக்காக ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். பாட்டிக்கு 82 வயது, தனியாக வாழ்கிறார். இரண்டு ஆண்டுக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. முழங்காலில் தேய்மானம். ஆறு மாதமாக மறதி கூடியிருக்கிறது. அடுப்பை அணைக்காமல் விட்டுப் பாத்திரம் கருகுகிறது. மகள் ரயிலில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறார், வார இறுதியில் வருகிறார்.

விண்ணப்பத்தை நகராட்சி அலுவலகத்தில் கொடுக்கலாம். அந்தந்த வட்டாரத்தில் முதியோருக்கென இருக்கும் ஆதரவு மையமும் பாட்டிக்காக அதை வாங்கிக் கொடுக்கும். கட்டணம் இல்லை. காப்பீட்டு அட்டையும் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் பெயரும் வேண்டும். மருத்துவரின் கருத்துப் படிவத்தை நகராட்சியே அவரிடம் நேரடியாகக் கேட்டுப் பெறும், அதற்கான செலவும் நகராட்சியுடையது. 65 வயது ஆனவருக்கு என்ன நோய் என்பது கேள்வியே இல்லை. 40 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும், பக்கவாதம், இள வயது மறதிநோய், குணமாகாத நிலைப் புற்றுநோய் போன்ற 16 குறிப்பிட்ட நோய்களில் ஒன்று காரணமாக இருக்க வேண்டும்.

சட்டப்படி 30 நாளில் முடிவு வர வேண்டும். நடைமுறையில் தேசிய சராசரி 40 நாளை ஒட்டி ஓடுகிறது. தாமதத்துக்குப் பெரிய காரணம் மருத்துவர் படிவம் மெதுவாக வருவது. மருத்துவரை ஓராண்டாகப் பார்க்காதவர் விண்ணப்பித்தால், முதலில் ஒருமுறை போய்க் காட்டினால்தான் படிவமே எழுதப்படும். அதனால் விண்ணப்பிக்கும் வாரத்திலேயே மருத்துவரைப் பார்த்து, வீட்டில் நடப்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. அவர் அறையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வரும் முதியவரைப் பற்றி அவர் என்ன எழுத முடியும்?

முடிவு விண்ணப்ப நாளிலிருந்தே செல்லுபடியாகும். எனவே எந்தச் சேவை எப்போது என்று திட்டமிடும் கேர் மேனேஜர் ஒரு தற்காலிகத் திட்டம் போட்டு முதல் நாளிலிருந்தே சேவையைத் தொடங்கலாம். ஆனால் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த நிலை வந்துவிட்டால், அந்த நிலைக்குரிய மாத வரம்பைத் தாண்டிய செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். அனுபவமுள்ள கேர் மேனேஜர்கள் தற்காலிகத் திட்டத்தை எதிர்பார்ப்பைவிட ஒரு நிலை குறைத்தே போடுவார்கள்.

வீட்டில் ஒரு மணி நேரம்

மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்து 74 கேள்விகளுக்கு விடை குறிப்பார். உடல் செயல்பாடு 20, அன்றாடச் செயல்கள் 12, அறிவாற்றல் 9, மனநிலையும் நடத்தையும் 15, சமூக வாழ்வு 6, கடந்த 14 நாளில் பெற்ற சிறப்பு மருத்துவப் பராமரிப்பு 12. கடைசி வகையில் டிரிப், டயாலிசிஸ், ஆக்சிஜன், குழாய்வழி உணவு, படுக்கைப்புண் சிகிச்சை போன்றவை வரும்.

கேள்விகள் பார்ப்பதற்கு எளியவை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் கறாரான வரையறை உண்டு. "நடை" என்றால் சுமார் 5 மீட்டர். "ஒற்றைக் காலில் நிற்பது" என்றால் ஒரு நொடி. "உட்கார்ந்திருப்பது" என்றால் 10 நிமிடம். எழுந்து நிற்பதில் பிடிக்காமல் முடியும், எதையாவது பிடித்தால் முடியும், முடியாது என்று மூன்றே விடை. குறுகியகால நினைவுக்கு, சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்பார். அதில் முடிவு தெரியாவிட்டால் பேனா, கடிகாரம் போன்ற மூன்று பொருளைக் காட்டி, பெயர் சொல்லவைத்து, மறைத்துவைப்பார். ஐந்து நிமிடம் வேறு பேச்சுக்குப் பிறகு இரண்டை மட்டும் எடுத்து வைத்து, இல்லாத மூன்றாவது எது என்று கேட்பார்.

கேள்விகளில் மூன்று வகை இருப்பதைக் குடும்பத்தார் பெரும்பாலும் அறிவதில்லை. சில கேள்விகள் திறனைக் கேட்கின்றன: முடியுமா, முடியாதா. சில, கிடைக்கும் உதவியைக் கேட்கின்றன: யாராவது செய்துவிடுகிறார்களா, பக்கத்தில் நின்று பார்க்கிறார்களா, தானே செய்கிறாரா. சில, ஒன்று நடக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்கின்றன. நடத்தை பற்றிய கேள்விகளுக்குக் கடந்த ஒரு மாதம்தான் கணக்கு. மாதம் ஒருமுறையாவது வந்து, வாரம் ஒருமுறைக்குக் குறைந்தால் "எப்போதாவது". வாரம் ஒருமுறையோ அதற்கு மேலோ என்றால் "உண்டு". மூன்று மாதத்துக்கு முன் பாட்டி ஒரே ஒரு முறை நள்ளிரவில் வெளியே போய்விட்டார் என்றால், அது எவ்வளவு பயங்கரமான இரவாக இருந்தாலும் இந்தக் கணக்கில் "இல்லை".

இந்த இடத்தில்தான் கேள்வித்தாளோடு சேர்த்து எழுதும் சிறப்புக் குறிப்பு உயிர்நாடியாகிறது. பாட்டியின் அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நெருப்பைக் கவனிக்காமல் விடுவதற்கு 2009 வரை தனிக் கேள்வி இருந்தது. அந்த ஆண்டு 82 கேள்விகளில் 14 நீக்கப்பட்டு 6 சேர்ந்தபோது அது போய்விட்டது. இப்போது அதை "கடும் மறதி" என்ற கேள்வியில் குறித்து, விவரத்தைக் குறிப்பில் எழுத வேண்டும். ஒரு மதிப்பீட்டாளர் இப்படி எழுதுவார்: "மறதி உண்டு. சமையலில் கவனம் தேவை." இதைப் படிக்கும் குழுவுக்கு ஒன்றும் தெரியாது. இன்னொருவர் எழுதுவது: "அடுப்பை அணைக்காமல் விடுவது வாரம் ஒன்றிரண்டு முறை. மகள் தினமும் இரவு போன் செய்து, பாட்டி அடுப்பருகே போய்த் திருகியை மூடும்வரை பேசுகிறார், சுமார் 10 நிமிடம். காலை மாத்திரை வாரத்தில் இரண்டு நாள் பெட்டியிலேயே கிடக்கிறது. ஞாயிறு அன்று மகள் எண்ணிப் பார்த்துப் பிரித்து வைக்கிறார்." என்ன, எத்தனை முறை, யார், எவ்வளவு நேரம் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. இரண்டு குறிப்புகளும் ஒரே பாட்டியைப் பற்றியவைதான், ஆனால் முடிவு வேறாகலாம்.

அடிக்கடி நடக்கும் இன்னொன்று, மதிப்பீட்டு நாளில் முதியவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவது. வந்திருப்பவர் விருந்தாளி, அவர் முன்னால் தளர்ந்து காட்டுவது மானக்குறைவு. முந்தைய நாள் கட்டிலிலிருந்து எழ முடியாதவர் அன்று டீ போட்டுக் கொடுப்பார். இதற்கென்றே விதி இருக்கிறது: நேரில் செய்து காட்டியதும் அன்றாட நிலையும் வேறானால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் எது அதிகம் நடக்கிறதோ அதையே குறிக்க வேண்டும், இரண்டையும் குறிப்பில் எழுத வேண்டும். ஆனால் அன்றாட நிலையைச் சொல்ல ஆள் வேண்டுமே. மகள் அந்த நாளில் உடனிருப்பது அவசியம். பாட்டியின் முகத்துக்கு நேரே "அம்மாவால் முடியாது" என்று மறுத்துப் பேசுவது அவரைக் காயப்படுத்தும், பதிலுக்கு இன்னும் பிடிவாதமாக எழுந்து நடப்பார். வாரக் குறிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம், அல்லது வாசலில் வழியனுப்பும்போது சொல்லலாம். நல்ல மதிப்பீட்டாளர்கள் இதற்காகவே பத்து நிமிடம் ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

நிமிடங்கள் எங்கிருந்து வருகின்றன

74 விடைகளும் கணினிக்குள் போகின்றன. அங்கே சாப்பாடு, கழிப்பு, நடமாட்டம், உடல் தூய்மை, வீட்டு வேலை உதவி, மறதிநோய் சார்ந்த நடத்தை, உடற்பயிற்சி, மருத்துவம் சார்ந்த வேலை என எட்டுப் பிரிவுக்கும் தனித்தனியாக நிமிடம் கண்டு கூட்டப்படுகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கிளைவழிப் படம் உண்டு: இந்த விடை என்றால் இடப்பக்கம், அந்த விடை என்றால் வலப்பக்கம், கடைசிக் கிளையின் நுனியில் ஒரு நிமிட எண்.

மொத்தம் 25 நிமிடத்துக்குக் கீழே என்றால் தகுதி இல்லை. 25 முதல் 32க்குள் ஆதரவு நிலை 1. 32 முதல் 50க்குள் ஆதரவு நிலை 2 அல்லது பராமரிப்பு நிலை 1. 50 முதல் 70க்குள் பராமரிப்பு நிலை 2, 70 முதல் 90க்குள் நிலை 3, 90 முதல் 110க்குள் நிலை 4, 110க்கு மேல் நிலை 5. 32 முதல் 50 வரையான பட்டையில் இரண்டு நிலைகள் ஒரே நிமிடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மறதியால் அறிவாற்றல் குறைந்திருந்தாலோ, ஆறு மாதத்துக்குள் நிலை மாறும் என்று தெரிந்தாலோ பராமரிப்பு நிலை 1. மற்றவர்களுக்கு ஆதரவு நிலை 2.

இந்த நிமிடம், வீட்டுக்கு ஆள் வரும் நேரம் இல்லை. முதியோர் இல்லங்களிலும் நீண்டகால மருத்துவமனைகளிலும் இருந்த சுமார் 3,500 பேரை 48 மணி நேரம் கவனித்து, ஊழியர் யாருக்கு எந்த வேலையை எத்தனை நிமிடம் செய்தார் என்று நிமிடத்துக்கு நிமிடம் பதிந்து எடுத்த தரவிலிருந்து வருவது. "இப்படிப்பட்ட விடைகள் உள்ளவருக்கு, ஓர் இல்லத்தில் இருந்தால், இவ்வளவு வேலை ஆகும்" என்ற மதிப்பீடு. மாற்றுத்திறனாளி சான்றிதழில் வரும் சதவீதத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சதவீதம் உடல் இழந்ததை அளக்கிறது. இது அடுத்தவர் செய்ய வேண்டிய வேலையை அளக்கிறது. முழுவதும் படுத்த படுக்கையாகக் கிடப்பவரைவிட, தடுமாறி நடந்து கழிப்பறைக்குப் போக முயல்பவருக்குச் சில பிரிவுகளில் நிமிடம் கூடுவதும் இதனால்தான். நோய் முற்றியும் நிமிடம் குறைந்ததே என்று குடும்பங்கள் திகைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

இந்த அமைப்பின் ஆகப் பெரிய பலவீனமும் தரவின் பிறப்பிடத்தில் இருக்கிறது. இல்லத்தில் வராந்தா நேராக இருக்கும், கைப்பிடி எல்லா இடத்திலும் இருக்கும், சமையல் வேறொருவருடையது, இரவில் ஒரு ஊழியர் இருபது பேரைப் பார்ப்பார். வீட்டிலோ மாடிப்படி, தனி அடுப்பு, பூட்டாத வாசல். கால் திடமாக இருக்கும் மறதிநோயாளிக்கு வீட்டில் ஆகும் வேலையில் பெரும்பகுதி கண்காணிப்பு. கையால் எதையும் செய்யாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தை நிமிடப் பதிவு சரியாகப் பிடிப்பதில்லை. இப்படிப்பட்டவர்களுக்குக் கணினி கூடுதல் நிமிடம் சேர்க்கும் ஏற்பாடு பின்னர் வந்தது, ஆனாலும் வேலைக்குப் போகும் மகனோ மகளோ இரவில் தூங்காமல் கழிக்கும் மணி நேரங்களுக்கு அது ஈடாகாது.

ஐந்து பேர் மேசையில்

கணினியின் எண் முதல் கட்டம் மட்டுமே. இரண்டாம் கட்டத்தில் மருத்துவம், சுகாதாரம், சமூகநலம் ஆகிய துறைகளைச் சேர்ந்த சுமார் ஐந்து பேர் கொண்ட ஆய்வுக் குழு கூடுகிறது. பெயர் மறைத்த தாள்கள் முன்கூட்டியே அவர்களுக்குப் போய்விடும். கணினியின் முடிவு, சிறப்புக் குறிப்புகள், மருத்துவர் படிவம் மூன்றையும் வைத்துப் பார்க்கிறார்கள். விடை தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் திருத்திக் கணினியை மறுபடி ஓட்டலாம். விடைகள் சரி, ஆனால் உண்மையான வேலை கணினி சொன்னதைவிடக் கூடுதல் என்று தாளில் ஆதாரம் இருந்தால் நிலையை உயர்த்தலாம், குறைக்கவும் செய்யலாம்.

எதை வைத்து மாற்றக் கூடாது என்பதும் தெளிவு. வயது காரணமாகாது. "பாவம், தனியாக இருக்கிறார்" என்பதும் காரணமாகாது. தனியாக இருப்பதால் இன்ன வேலை இத்தனை முறை கூடுகிறது என்று தாளில் இருந்தால் அது காரணம். விதி இரக்கமற்றதாகத் தோன்றலாம், ஆனால் பக்கத்து ஊர்க் குழுவும் இதே தாளுக்கு இதே முடிவைத் தர வேண்டும் என்றால் வேறு வழியில்லை. அதே நேரம், தாளில் இல்லாதது அந்த அறையில் இல்லவே இல்லை என்று ஆகிவிடுவதும் உண்மை.

பாட்டிக்குக் கணினி 47 நிமிடம் தந்ததாக வைத்துக்கொள்வோம். அறிவாற்றல் குறைவு இருப்பதால் பராமரிப்பு நிலை 1. "மறதி உண்டு" என்ற குறிப்போடு தாள் வந்தால் குழு இதை ஓரிரு நிமிடத்தில் அப்படியே ஏற்றுக்கொண்டு அடுத்த தாளுக்குப் போகும். ஓர் அமர்வில் முப்பது தாளுக்கு மேல் பார்க்கும் குழுக்கள் உண்டு. இரண்டாவது வகைக் குறிப்போடு வந்தால் யாராவது ஒருவர் நிறுத்துவார்: தினசரி போன், வாரம் இரண்டு நாள் மாத்திரை தவறுதல், அடுப்பு. இவற்றோடு சனி, ஞாயிறு இரண்டு நாளும் குளிப்பாட்டி, துணி மாற்ற மகள் செய்யும் வேலையும் எழுதியிருந்தால், கணினி பார்க்காத கூடுதல் வேலை என்று சொல்லி நிலை 2க்கு உயர்த்தக் குழுவுக்குப் போதிய காரணம் கிடைக்கிறது.

நிலை 1க்கும் 2க்கும் வித்தியாசம் எவ்வளவு? சேவைகள் அலகுக் கணக்கில் நடக்கின்றன. ஓர் அலகு 10 யென். டோக்கியோ நகர வட்டங்களில் சேவையைப் பொறுத்து 11.40 யென் வரை போகும். மாத வரம்பு ஆதரவு நிலை 1க்கு 5,032 அலகு, ஆதரவு நிலை 2க்கு 10,531, பராமரிப்பு நிலை 1க்கு 16,765, நிலை 2க்கு 19,705, நிலை 3க்கு 27,048, நிலை 4க்கு 30,938, நிலை 5க்கு 36,217. அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆள் வந்து உடல் பராமரிப்பு செய்தால் 2024 விகிதப்படி 387 அலகு. மாதம் 20 முறை என்றால் 7,740. முதியவரை ஏழெட்டு மணி நேரம் கவனித்துக்கொள்ளும் பகல் மையம் நிலை 1க்கு ஒரு நாள் 658, வாரம் மூன்று வீதம் மாதம் 13 நாளுக்கு 8,554. கூட்டினால் 16,294. நிலை 1இன் வரம்பில் 471 அலகுதான் மிச்சம், மகள் ஊருக்குப் போக வேண்டிய வாரத்தில் கூடுதலாக ஒருமுறை ஆளை அழைத்தால் தீர்ந்துவிடும். நிலை 2இல் பகல் மையக் கட்டணமும் 777க்கு ஏறுகிறது. 10,101உம் 7,740உம் சேர்ந்து 17,841. மிச்சம் 1,864. இந்த ஏற்றத்தைக் கணக்கில் எடுக்காமல், வரம்பு உயர்ந்ததை மட்டும் பார்த்துத் திட்டம் போடுபவர்கள் மாதக் கடைசியில் முட்டிக்கொள்வார்கள்.

அலகைவிடப் பெரிய வித்தியாசம் கட்டில். தலைப்பக்கத்தை உயர்த்தும் கட்டில், சக்கர நாற்காலி போன்றவற்றின் வாடகை பராமரிப்பு நிலை 2இலிருந்துதான் பொதுவாகக் காப்பீட்டில் வரும். அதற்குக் கீழே இருந்தால் மருத்துவரின் கருத்தோடு விதிவிலக்கு கேட்க வேண்டும். இன்னொரு பெரிய கோடு நிலை 3. பொதுநல முதியோர் இல்லத்தில் புதிதாகச் சேர 2015 ஏப்ரல் முதல் பொதுவாக நிலை 3 வேண்டும். ஆதரவு நிலை 1, 2 பெற்றவர்களின் வீட்டு உதவியும் பகல் மையமும் 2015 தொடங்கித் தேசியக் காப்பீட்டுப் பட்டியலிலிருந்து விலகி, நகராட்சிகள் நடத்தும் தனித் திட்டத்துக்குப் போய்விட்டன. அதனால் ஒரு நிலை இறங்குவது சில குடும்பங்களுக்கு வெறும் அலகுக் குறைவோடு நிற்பதில்லை. வழக்கமாக வரும் ஆளே மாறிவிடக்கூடும்.

2009இல் நடந்தது

அந்த ஆண்டு ஏப்ரலில் கேள்விகளும் விளக்கக் கையேடும் ஒருசேர மாறின. மதிப்பீட்டாளர்களிடையே உள்ள வேறுபாட்டைக் குறைப்பதே நோக்கம். "கண்ணால் கண்டதை மட்டும் குறி, ஊகிக்காதே" என்பது புதிய கட்டளையின் சாரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உதவியைக் கேட்கும் கேள்விகளில் அது என்ன செய்தது என்று பாருங்கள். தனியாக இருக்கும் ஒருவர் ஒரு மாதமாகக் குளிக்கவில்லை, நகம் வெட்டவில்லை, கடைக்குப் போகவில்லை. உதவ யாரும் இல்லை. கண்டதை மட்டும் குறித்தால் விடை: "உதவி இல்லை." கணினிக்கு அது உதவி தேவைப்படாதவரின் விடை. ஆக, யாரும் இல்லாதவருக்கே நிமிடம் குறைந்தது.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. புதுப்பிக்க வருபவர் விரும்பினால் பழைய நிலையையே வைத்துக்கொள்ளலாம் என்று அரசு இடைக்கால ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. சரிபார்ப்புக் குழு கூடி ஆய்ந்தபின் அதே ஆண்டு அக்டோபரில் கையேடு திருத்தப்பட்டது. இப்போதைய விதிப்படி, கிடைக்கும் உதவி பொருத்தமற்றது அல்லது போதாது என்று மதிப்பீட்டாளர் கருதினால், தேவையான உதவி எதுவோ அதைக் குறித்து, ஏன் என்று குறிப்பில் எழுத வேண்டும். இன்றும் இதைச் செய்யத் தயங்கும் மதிப்பீட்டாளர்கள் உண்டு, காரணம் எழுதுவது கூடுதல் வேலை. தனியாக வாழ்பவரின் தாளில் "உதவி இல்லை" என்று வரிசையாகக் குறிக்கப்பட்டு, குறிப்பு வெறுமையாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மனிதக் கட்டம் இல்லாமல் போனால்

இரண்டாம் கட்டம் நேரத்தையும் பணத்தையும் தின்கிறது, எடுத்துவிடலாமே என்ற பேச்சு ஜப்பானில் இருக்கிறது. நிலை மாறாமல் புதுப்பிக்க வருபவர்களுக்கு, சில நிபந்தனைகளோடு ஆய்வைச் சுருக்கிக்கொள்ள 2018 முதல் அனுமதியும் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் புதிய விண்ணப்பங்களுக்கும் கணினி மட்டுமே போதும் என்பவர்கள், அமெரிக்காவின் அர்கன்சாஸ் மாநிலத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

அங்கே குறைந்த வருமானம் உள்ளோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் திட்டத்தில் வீட்டுப் பராமரிப்பு நேரத்தைச் செவிலியர்கள் தங்கள் மதிப்பீட்டின்படி முடிவு செய்துவந்தார்கள். 2016இல் அதை ஒரு கணிப்பு நிரலிடம் கொடுத்தார்கள். செவிலியர் கேள்வி கேட்டுப் பதிய, நிரல் சுமார் 60 விவரங்களை எடுத்துப் பயனாளியை ஒரு பிரிவில் போடும், பிரிவுக்கு இத்தனை மணி நேரம். பெருமூளை வாதம் உள்ள ஒருவருக்கு வாரம் 56 மணி நேரமாக இருந்தது 32 ஆயிற்று. ஏன் என்று கேட்டபோது, வந்திருந்த செவிலியரால் சொல்ல முடியவில்லை. வழக்கு நடந்தபோதுதான் உள்ளே இருந்தவை வெளியே வந்தன: பெருமூளை வாதம் நிரலில் சரியாகக் குறியிடப்படாததால் நூற்றுக்கணக்கானோரின் கணக்கு தவறியிருந்தது, நீரிழிவுச் சிக்கல்கள் விடுபட்டிருந்தன. கால் துண்டிக்கப்பட்ட ஒருவருக்குப் "பாதத்தில் பிரச்சினை இல்லை" என்று குறிக்கப்பட்டிருந்தது, பாதமே இல்லை என்பதால். அறிவிப்புக் கடிதங்கள் காரணத்தை விளக்கவில்லை என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2016இல் கண்டது. உரிய பொது அறிவிப்பு இல்லாமல் கொண்டுவந்த விதி செல்லாது என்று மாநில நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது.

கணக்கீட்டுப் பிழை ஜப்பானிலும் வரும். ஆனால் அங்கே கணினியின் எண்ணையும் குறிப்பையும் அருகருகே வைத்து, "இந்த மனிதருக்கு இது பொருந்துகிறதா?" என்று கேட்க ஓர் அறையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். நிமிட வரம்புகளும் எட்டுப் பிரிவுகளும் எல்லோரும் படிக்கக்கூடிய ஆவணங்களில் இருக்கின்றன. முடிவை எதிர்த்துப் பேசுபவருக்குக் கையில் பிடிக்க ஏதோ ஒன்று கிடைக்கிறது.

முடிவு தவறு என்று தோன்றினால்

முதலில் நகராட்சி அலுவலகத்தில் தன் மதிப்பீட்டுத் தாள், சிறப்புக் குறிப்புகள், மருத்துவர் படிவம் மூன்றின் நகலையும் கேட்க வேண்டும். விண்ணப்பித்தவருக்கு அதைப் பெற வழியுண்டு. வாங்கி, 74 விடைகளையும் வீட்டு நிலையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் பிசகு மூன்று நான்கு விடைகளில்தான் இருக்கும்: மாத்திரை எடுத்தல், பணம் கையாளுதல், குளியல், வெளியே போக முயலுதல். மருத்துவர் எழுதிய மறதியின் படிநிலையும் மதிப்பீட்டாளர் எழுதிய படிநிலையும் வேறுபடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு இரண்டு வழி. மாநில அளவிலான ஆய்வு மன்றத்தில், முடிவு தெரிந்த மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும். வென்றாலும் பழைய முடிவு ரத்தாகி மறுபடி முதலிலிருந்து மதிப்பீடு நடக்கும், மன்றமே புதிய நிலையைத் தந்துவிடாது. நடைமுறையில் பெரும்பாலோர் எடுப்பது இரண்டாவது வழி: நிலை மாற்ற விண்ணப்பம். எப்போது வேண்டுமானாலும் போடலாம், மதிப்பீட்டாளர் மறுபடி வருவார், பழைய 30 நாள் கணக்குதான். நடைமுறையே பிழை, அது அடுத்தவருக்கும் நடக்கக் கூடாது என்றால் மேல்முறையீடு. பாட்டிக்குக் கட்டில் அடுத்த மாதமே வேண்டும் என்றால் நிலை மாற்ற விண்ணப்பம். இரண்டாவதில் ஓர் ஆபத்து இருக்கிறது, நிலை குறைந்தும் வரலாம். அதனால் விண்ணப்பிக்கும் முன் இரண்டு வாரமாவது நாட்குறிப்பு எழுத வேண்டும்: தேதி, மணி, என்ன நடந்தது, யார் என்ன செய்தார், எத்தனை நிமிடம். பாட்டியின் மகள் இரவுதோறும் செய்யும் போனைக் கூட "8.00, அடுப்பு, 10 நிமிடம்" என்று ஒரு வரியில் எழுதி வைத்தால், மதிப்பீட்டாளர் அதை அப்படியே குறிப்பில் ஏற்றிவிடலாம்.